கை நடுக்கம் நின்ற பிறகு: குடியும் மூளையும், வாசகர் கேள்வி – பதில்

மதுப்பழக்கம் மூளையில் என்ன செய்கிறது, விட்ட பிறகு என்ன ஆகிறது என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு மனநல மருத்துவக் குழுவின் பதில்கள் இவை. கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

தினம் ஒரு குவாட்டர், ஞாயிறு என்றால் ஒரு ஆஃப். பதினோரு வருஷப் பழக்கம். காலையில் கை நடுங்குகிறது; ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் ஷேவ் பண்ண முடிகிறது. வரும் திங்கட்கிழமையிலிருந்து ஒரேயடியாக நிறுத்தப்போகிறேன். மன உறுதி இருந்தால் போதும்தானே?
– வாசகர், திருப்பூர்

நிறுத்துங்கள். ஆனால் திங்கட்கிழமை, வீட்டில், தனியாக வேண்டாம். உங்களுக்கு முதலில் தேவை மருத்துவர். மன உறுதிக்கான வேலை அதற்குப் பிறகுதான் வருகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். குவாட்டர் என்பது 180 மி.லி. லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் உள்ளே இருக்கும் சுத்த ஆல்கஹால் 77 மி.லி., எடையில் சுமார் 60 கிராம். மருத்துவத்தில் 10 கிராமை ஓர் அலகாக வைத்துக் கணக்கிடுகிறோம். ஆக, ‘ஒரு குவாட்டர்தானே’ என்பது ஆறு அலகு, ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு. (‘நான் பீர் மட்டும்தான்’ என்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டிலில் 41 கிராம் இருக்கிறது.)

மூளையில் நரம்பணுக்களை அமைதிப்படுத்த காபா என்ற வேதிப்பொருளும், உசுப்ப குளூட்டமேட் என்ற வேதிப்பொருளும் இருக்கின்றன. மது முதலாவதைத் தூக்கிவிடுகிறது, இரண்டாவதை அமுக்குகிறது. தினமும் இப்படி அமுக்கப்படும் மூளை சும்மா இருப்பதில்லை. காபாவைக் கேட்கும் காதுகளைக் குறைத்து, குளூட்டமேட்டைக் கேட்கும் காதுகளைக் கூட்டிக்கொள்கிறது. ஒலிபெருக்கி மேல் கம்பளி போர்த்தியிருப்பதால் சத்தத்தைக் கூட்டிக்கூட்டி வைத்தது மாதிரி. நீங்கள் திங்கட்கிழமை கம்பளியை உருவினால், கூட்டி வைத்த அத்தனை சத்தமும் ஒரே நேரத்தில் வெளியே வரும். காலை நடுக்கம் அதன் முதல் ஒலி. இரவு முழுக்கக் குடிக்காததால் வரும் குட்டி விலகல் அது; குடி நின்றதும் உடலும் மூளையும் காட்டும் எதிர்ப்பைத்தான் விலகல் என்கிறோம்.

கடைசிக் குடியிலிருந்து ஆறு மணி நேரம் தாண்டியதும் நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் தொடங்கலாம். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். முன்பு வலிப்பே வராதவருக்கும் வரும். மூன்றாம், நான்காம் நாளில்தான் பெரிய ஆபத்து: நாள், இடம் தெரியாத குழப்பம், சுவரில் பூச்சி ஊர்வதாகத் தெரிவது, காய்ச்சல், தாறுமாறான ரத்த அழுத்தம். கவனிக்காமல் விட்டால் உயிரைப் பறிக்கும் நிலை அது. ‘ரெண்டு நாள் தாண்டிட்டார், இனி பயமில்லை’ என்று வீட்டார் நிம்மதி அடைவதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

மருத்துவமனையில் குளோர்டயாஸிபாக்ஸைடு அல்லது டயஸிபாம் கொடுத்து, நடுக்கத்தையும் நாடித்துடிப்பையும் அளந்து, ஐந்து முதல் ஏழு நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோராஸிபாமுக்கு மாற்றுவார்கள், மற்றவை உடலில் தேங்கும் என்பதால். இவற்றை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள். இடையில் ஒரு கட்டிங்கும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடலாம்.

இன்னொன்று. குடியை நிறுத்திச் சோர்ந்து கிடப்பவரைப் பக்கத்துக் கிளினிக்கில் படுக்கவைத்து ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ்’ ஏற்றுவது நம் ஊர் வழக்கம். நெடுநாள் குடித்தவர் உடலில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். குளுக்கோஸை எரிக்க அந்த வைட்டமின் வேண்டும். மிச்சமிருக்கும் சொற்பமும் அதில் செலவானால் மூளையின் நடுப்பகுதி சேதமாகும். தயமின் ஊசி முதலில், குளுக்கோஸ் பிறகு. அல்லது இரண்டும் ஒன்றாக. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்கள் வீட்டாருக்கு உண்டு. மாத்திரை போதாதா என்றால், குடித்துப் பழகிய குடல் தயமினைச் சரியாக உறிஞ்சுவதில்லை.

முன்பு பல தடவை விட்டுவிட்டுத் தொடங்கியவர் என்றால் மருத்துவரிடம் அதை மறைக்காதீர்கள். ஒவ்வொரு விலகலும் அடுத்ததைக் கடுமையாக்கலாம். போன தடவை வெறும் நடுக்கத்தோடு போனது இந்தத் தடவை வலிப்பாக வரலாம்.

என் கணவர் சபரிமலைக்கு மாலை போட்டால் 48 நாளும் தொடவே மாட்டார். மாலையைக் கழற்றிய அன்று இரவே பழையபடி. நினைத்தால் நிறுத்த முடிகிறது என்றால் அவர் அடிமை இல்லை, திமிர்தானே?
– வாசகி, விருதுநகர்

திமிர் இல்லை அம்மா. நிறுத்த முடியாததுதான் அடிமைத்தனம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நிறுத்தியவர் திரும்பத் திரும்ப அதே இடத்துக்குப் போவதுதான் இந்த நோயின் அடையாளம்.

தொடக்கக் காலத்தில் குடி, மூளையின் பரிசு வலைப்பின்னலைத் தொடுகிறது: நடுமூளையில் தொடங்கி அடிமூளை முடிச்சுகளின் கீழ்ப்பகுதி வரை ஓடும் டோப்பமின் பாதை. ‘நன்றாக இருக்கிறது, இன்னொரு தடவை’ என்பது அதன் பேச்சு. ஆண்டுகள் போகப்போக வேலை அதே முடிச்சுகளின் மேல்பகுதிக்கு மாறுகிறது. அது பழக்கத்தின் இடம். சைக்கிள் ஓட்டுவதும் சட்டைப் பொத்தான் போடுவதும் அங்கேதான் பதிந்திருக்கின்றன. அதற்குப் பிறகு ரசித்துக் குடிப்பது குறைந்து, மணி ஏழானால் கால் தானாக நடக்கும். கூடவே அமிக்டலாவைச் சுற்றிய பயம், எரிச்சல், பதற்றத்தின் வலைப்பின்னல் முறுக்கேறுகிறது. குடிக்காத நேரம் வேதனையாகிறது. இவற்றையெல்லாம் மடக்கவேண்டிய நெற்றிப் பின்புறப் பகுதி, அதாவது யோசித்துத் தீர்மானிக்கும் வலைப்பின்னல், மற்றவற்றோடு உள்ள பிடியை இழக்கிறது.

இப்போது மாலை போட்டதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உடை மாறுகிறது. விடியற்காலைக் குளியல், தரையில் படுக்கை, மாலையில் பஜனை. கூடக் குடிப்பவர்களே ‘சாமி’ என்று கும்பிட்டு ஒதுங்குகிறார்கள். ஏழு மணிக்குக் கடைத்தெருவில் இருக்க வேண்டியவர் கோவிலில் இருக்கிறார். பழக்கத்தை உசுப்பும் அத்தனை சாடைகளையும் ஊரே சேர்ந்து அகற்றிக் கொடுக்கிறது. நெற்றிப்பகுதி செய்ய வேண்டிய வேலையைச் சமூகம் செய்கிறது. அதனால்தான் முடிகிறது. மருத்துவராகச் சொன்னால், இதைவிடச் சிறந்த மறுவாழ்வுத் திட்டத்தை வடிவமைப்பது கடினம். ஒரு குறைதான்: முடியும் தேதி முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும்.

48 நாளில் மூளையில் உண்மையிலேயே நல்லது நடக்கிறது. மெலிந்திருந்த மூளைப்புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, திரும்பத் தடிப்பதில் மிக வேகமான காலம் முதல் மாதம்தான். ஆனால் பழைய சாடைகளைக் கண்டால் எழும் வேட்கை அதே வேகத்தில் அடங்குவதில்லை. முதல் இரண்டு மாதங்களில் அது குறைவதற்குப் பதிலாகக் கூடுவதையும் ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. ஆக, வேட்கை உச்சத்தில் இருக்கும் வாரத்தில் அவர் மாலையைக் கழற்றி, பழைய சட்டை போட்டு, பழைய தெருவுக்குப் போகிறார்.

அடுத்த தடவை இப்படிச் செய்து பாருங்கள். காலை நடுக்கம் உள்ளவர் என்றால் மாலை போடுவதற்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் போய் மருந்தோடு நிறுத்தட்டும். விரதத்தின் இரண்டாம் நாள் வலிப்பு வந்து விழுந்தவர்கள் உண்டு. விரதத்தின் கடைசி வாரத்திலேயே வேட்கையைக் குறைக்கும் மருந்தைத் தொடங்க முடியுமா என்று கேளுங்கள். மலையிலிருந்து இறங்கிய பின் பத்து நாளுக்கு மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை எங்கே, யாரோடு என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கட்டும். விடியற்காலைக் குளியலையும் வாரம் ஒரு பஜனையையும் விடவேண்டாம். குருசாமி ஒத்துழைத்தால் அவர் சொல் எங்கள் சொல்லைவிட எடுபடும்.

ஓர் எச்சரிக்கை: 48 நாளில் உடலின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். பழைய அளவை அன்றிரவே குடிப்பது, பழக்கமில்லாதவர் அந்த அளவைக் குடிப்பதற்கு நெருக்கமான ஆபத்து. அவரை மல்லாந்து படுக்கவிடாதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

மூளை வலைப்பின்னல் சரியாகிவிட்டதா என்று எம்ஆர்ஐ ஸ்கேனில் பார்க்க முடியுமா?
– வாசகர், நாகர்கோவில்

உங்கள் ஒருவருக்கு என்றால், முடியாது. ஆராய்ச்சியில் செய்வது இது: ஒருவரை இயந்திரத்தில் சில நிமிடம் சும்மா படுக்கவைத்து, மூளையின் பல பகுதிகளில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு ஏறி இறங்குவதைப் பதிவு செய்கிறார்கள். சேர்ந்து ஏறி சேர்ந்து இறங்கும் பகுதிகள் ஒரே வலைப்பின்னல். தனக்குள் அசைபோடுவதற்கு ஒன்று, வேலையில் கவனம் வைக்க ஒன்று, ‘இது முக்கியம்’ என்று மணியடித்து முன்னிரண்டுக்கும் இடையே மாற்றிவிட ஒன்று. குடிக்கு அடிமையானவர்களில் இந்த மணியடிக்கும் வலைப்பின்னல் பாட்டிலுக்கு மட்டும் ஓங்கி அடிக்கிறது. வீட்டு வாடகைக்கு அடிப்பதில்லை.

ஆனால் இவையெல்லாம் பல பேரின் சராசரியை இன்னொரு கூட்டத்தின் சராசரியோடு ஒப்பிட்டுக் கண்டவை. ஒருவரின் படத்தை வைத்து ‘குணமாகிவிட்டார்’ என்று சொல்லுமளவுக்கு அது கூர்மை இல்லை. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் எழுந்து வந்துவிடுங்கள். அதைவிட மலிவான ரத்தப் பரிசோதனைகள் உபயோகமானவை: ஜிஜிடி என்ற கல்லீரல் நொதி, நிறுத்திய சில வாரங்களில் இறங்கும், குடியால் பெருத்த சிவப்பணுக்களின் அளவு சரியாக மூன்று, நான்கு மாதம் ஆகும், ஒரு சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் என்பதால்.

விட்டு ஏழு மாதம் ஆகிறது. கை நடுக்கம் போய்விட்டது, பசிக்கிறது. ஆனால் எதிலும் சுவாரஸ்யம் இல்லை. தொட்டதற்கெல்லாம் கோபம். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு. ‘குடித்தபோதே நல்லா இருந்தே’ என்கிறாள் மனைவி. எப்போது சரியாகும்?
– வாசகர், சேலம்

குடியை விட்டவர் மூளையில் இரண்டு கடிகாரம் ஓடுகிறது. நடுக்கமும் வியர்வையும் ஒரு வாரக் கடிகாரம். மகிழ்ச்சி, தூக்கம், பொறுமை எல்லாம் மாதக் கடிகாரம். முதல் கடிகாரம் அடித்ததும் ‘குணமாயிற்று’ என்று எல்லோரும் முடிவு செய்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள காலத்தில்தான் பெரும்பாலானோர் திரும்பக் குடிக்கிறார்கள்.

பல ஆண்டு டோப்பமின் வெள்ளத்தில் நனைந்த பரிசுப் பகுதி, டோப்பமினை ஏற்கும் வாசல்களைக் குறைத்துக்கொண்டது. அவை திரும்ப மாதங்கள் ஆகும். அதுவரை நல்ல பிரியாணியும் குழந்தையின் சிரிப்பும் உங்களை எட்டும், ஆனால் மெல்லிசாக. இன்னொரு பக்கம், பதற்றத்தைக் கூட்டும் வேதிப்பொருள்கள் அமிக்டலா பகுதியில் இன்னும் முழுதாக அடங்கவில்லை. கோபம் அங்கிருந்து வருகிறது. உங்கள் குணம் கெட்டுவிட்டது என்று மனைவி நினைக்க வேண்டாம். இந்தப் பதிலை அவரும் படிக்கட்டும்.

நல்ல செய்தியும் உண்டு. சிகிச்சைக்குப் பின் ஏழு மாதம் வரை தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், புறணியின் பெரும்பாலான பகுதிகளின் தடிமன் குடிக்காதவர்களின் அளவை எட்டியிருந்தது. ரத்த அழுத்தம் உள்ளவர்களிடமும் புகைப்பவர்களிடமும் அது மெதுவாக நடந்தது. எனவே உங்கள் பி.பி.யைப் பாருங்கள்.

தூக்கத்துக்கு அல்ப்ரஸோலம் மாத்திரை வாங்காதீர்கள். மது திறந்த அதே காபா பூட்டுக்கான இன்னொரு சாவி அது. ஓர் அடிமைத்தனத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவீர்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரம் மாறக் கூடாது. பகல் இரண்டு மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம் (குடியை விட்டவர்கள் ஒரு நாளைக்கு எட்டு டீ குடிப்பதை எண்ணிப் பார்ப்பதே இல்லை). இரண்டு மணி விழிப்பில் கைபேசியை எடுக்காமல் வேறு அறையில் உட்காருங்கள்.

முதல் மாத மனச்சோர்வு பலருக்குத் தானாக விலகும். நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதைத் தனி நோயாகவே கருதிச் சிகிச்சை தருவது வழக்கம். உங்களுக்கு ஏழு மாதம் என்பதால் மனநல மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். சாகலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் காத்திருக்காமல் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள், தமிழில் பேசலாம்.

குடியை மறக்கவைக்கும் பொடி என்று விளம்பரம் பார்த்தேன். அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்துவிடலாமா?
– வாசகி, தேனி

வேண்டவே வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத பொடியை யாருக்கும் கொடுக்கக் கூடாது. இருப்பது டைசல்ஃபிராம் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். அந்த மருந்து, மது உடலில் உடைந்து வரும் அசிட்டால்டிஹைடை மேற்கொண்டு உடையவிடாமல் தடுக்கும். குடித்த சில நிமிடங்களில் முகம் சிவந்து, தலை வெடிப்பதுபோல் வலித்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவர் இறந்துபோகலாம். தான் மருந்து சாப்பிட்டிருப்பதே தெரியாதவர், மயக்கத்தை இன்னொரு கட்டிங் போட்டுச் சரிசெய்யப் பார்ப்பார்.

சம்மதத்தோடு, தெரிந்து சாப்பிட்டால் அதே மருந்து பலருக்கு உதவியிருக்கிறது. கடைசிக் குடிக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம் கழித்தே தொடங்குவார்கள். வழக்கமான அளவு தினம் 250 மி.கி. மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை எதிர்வினை வரலாம். சில இருமல் டானிக்குகளிலும், அரிஷ்டம், ஆசவம் வகைகளிலும் மது உண்டு, அவை கூடாது. ஆனால் இந்த மருந்து மூளையின் வேட்கையைத் தொடுவதில்லை. பயத்தைக் காவலுக்கு வைக்கிறது, அவ்வளவுதான்.

வேட்கையைத் தொடும் மருந்துகள் வேறு. நால்ட்ரெக்ஸோன், தினம் 50 மி.கி., குடி தரும் ‘ஜிவ்’வென்ற பரிசைத் தணிக்கும், டிரமடால் போன்ற வலிமாத்திரை சாப்பிடுபவருக்கு ஆகாது. அகாம்ப்ரோசேட், 333 மி.கி. மாத்திரை இரண்டிரண்டாக மூன்று வேளை, ஏறிப்போன குளூட்டமேட் சத்தத்தைக் குறைக்க உதவும். சிறுநீரகம் சரியாக இருக்கவேண்டும். கல்லீரல் சுருங்கியவர்களுக்குப் பாக்லோஃபென் யோசிக்கப்படும். எது யாருக்கு என்பது ரத்தப் பரிசோதனைக்குப் பிறகுதான்.

அவர் வரமறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14446 என்ற போதை மீட்பு இலவச எண்ணிலும் குடும்பத்தார் பேசலாம். அவரிடம் பேசுவது என்றால் போதை இறங்கிய காலையில், பிள்ளைகள் இல்லாதபோது, ‘இனி குடிக்காதே’ என்று சொல்லாமல், ‘புதன்கிழமை ஒரு ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் வா’ என்று கேளுங்கள்.

அப்பா குடியை விட்டு மூன்று வாரம். காலையில் சாப்பிட்டதையே மறந்துவிட்டு, நடக்காத விஷயங்களை நடந்ததாகச் சொல்கிறார். கேட்டால் சத்தியம் செய்கிறார். ஏன் இப்படிப் பொய்?
– வாசகர், காரைக்கால்

அது பொய் அல்ல. தயமின் குறைவால் மூளையின் நினைவு வளையம் அறுபடும்போது, இடைவெளியைக் கிடைத்ததைக் கொண்டு மூளை நிரப்புகிறது. அவருக்கு அது உண்மை. கோர்சகாஃப் நோய் என்பார்கள். கால் அகட்டித் தள்ளாடி நடக்கிறாரா, கருவிழி தானாக ஆடுகிறதா, குழப்பம் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். மூன்றும் சேர்ந்து தெரிவது சிறுபான்மையினரிடம்தான். ஒன்று இருந்தாலும், சந்தேகம் என்றாலும், இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப்போய்த் தயமின் ஊசி பற்றிக் கேளுங்கள். நாளைக்கு என்று தள்ளவேண்டாம். சிலர் நன்றாகத் தேறுகிறார்கள், சிலருக்கு நினைவு திரும்புவதே இல்லை. வீட்டில் வாதாடாதீர்கள், பெரிய எழுத்து நாட்காட்டி, சாமான்களுக்கு மாறாத இடம், தினமும் ஒரே வரிசையில் வேலைகள், இவை உதவும்.

குடியை விட்டிருக்கிறேன். சிகரெட்டையும் ஒரே நேரத்தில் விட்டால் தாங்காது என்கிறார்களே?
– வாசகர், கோவை

பழைய நம்பிக்கை. புகைப்பவர்களிடம் மூளை மெதுவாகத் தேறுகிறது என்று மேலே சொன்னோம். டீக்கடை, சிகரெட், பழைய நண்பர் மூன்றும் ஒரே சாடைக் கூட்டத்தைச் சேர்ந்தவை. விலகல் வாரம் முடிந்ததும் நிக்கோட்டின் சூயிங்கம் அல்லது தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையோடு தொடங்கலாம்.

மூன்று வருஷமாகத் தொடவில்லை. அடுத்த மாதம் தங்கச்சி கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வற்புறுத்துவார்கள். மூளைதான் சரியாகிவிட்டதே, அளவாக ஒரு பெக் போட்டால் என்ன?
– வாசகர், தஞ்சாவூர்

மூளை சரியாகியிருப்பது உண்மை. எப்படிச் சரியானது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சில மாதம் விட்டவர்களையும் சில வருடங்கள் விட்டவர்களையும் ஒப்பிட்டால், நீண்ட காலம் விட்டவர்களிடம் தீர்மானிக்கும் வலைப்பின்னலின் ஒத்திசைவு கூடுதலாகவும், ஆசையைத் தூண்டும் பகுதிகளின் ஒத்திசைவு குறைவாகவும் தெரிகிறது. அதாவது பழைய பாதை அழிந்ததால் நீங்கள் நிற்கவில்லை. அதன் மேல் வலுவான காவல் ஒன்று எழுந்திருக்கிறது. ஒரு பெக் முதலில் தளர்த்துவது அந்தக் காவலைத்தான். இரண்டாவது பெக் வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டியதும் அதே காவல்தான். காலை நடுக்கம் வருமளவுக்குக் குடித்தவருக்கு ‘அளவு’ என்ற யோசனையை நாங்கள் சொல்வதில்லை.

கல்யாணத்துக்குச் சில காரியங்கள். முதல்நாள் மாலை வரவேற்பில் ஏழு மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள். பசி வேட்கையைக் கூட்டும். கையில் எப்போதும் ஒரு டம்ளர் ஏதாவது இருக்கட்டும். ‘டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கார், சேராது’ என்ற ஒரே வரியை மச்சானிடமும் மாமனிடமும் மாற்றாமல் சொல்லுங்கள். விளக்கம் கொடுத்தால் வாதம் வரும். மொட்டைமாடிக்கு யார் கூப்பிட்டாலும் உங்களோடு வந்து நிற்க ஒரு ஆளை, தங்கையிடமே சொல்லி, ஏற்பாடு செய்யுங்கள். பைக் சாவி உங்களிடமே இருக்கட்டும். நால்ட்ரெக்ஸோனைத் திரும்பச் சில வாரம் எடுக்கலாமா என்று கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே கேட்டுவிடுங்கள்.

தவறிக் குடித்துவிட்டால் ‘எல்லாம் போச்சு’ என்று அடுத்த மூன்று நாள் தொடர வேண்டாம். மறுநாள் காலை மருத்துவரை அழையுங்கள். ஒரு நாள் குடிக்கு விலகல் பெரிதாக வராது. ஒரு வாரக் குடிக்கு வரலாம்.